217

நத்தம் ரோட்டில் சத்திரப்பட்டி தாண்டி
புளியமரங்களுக்கு எண் போடும் வேலை எனக்கு.
ஒச்சம்மாள் முன்னால் போவாள்,
நெஞ்சுயரத்தில் ஒரு சாண் அகலம்
பட்டையைச் சீவிவிட்டு நகர்வாள்.
நான் வெள்ளை அடிப்பேன், அது காய்ந்ததும் சிவப்பில் எண்.
டேப்பைச் சுற்றிப் பிடித்து எழுதிக்கொள்வேன்:
மர இனம், சென்டிமீட்டர், மதிப்பு ரூபாயில்.
நாலாவது கட்டம் கிடையாது அந்தப் படிவத்தில்.

கண்மாய்க் கரையை ஒட்டிய மரங்களில்
வடபுறம் மட்டும் ஏதோ படர்ந்திருந்தது.
பங்குனி வெயிலில் பார்த்தால் பீடிக்கறை.
அல்லது மரத்துக்கே தேமல் வந்த மாதிரி.
அவள் சரியாகச் சீவாமல் விட்ட இடத்தில்
பெயின்ட் பிடிக்கவில்லை.
217இல் ஏழு மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கொஞ்சம் தண்ணி விடுங்க" என்றாள்.
குடிக்க வைத்திருந்த பாட்டிலைச் சாய்த்தேன்.
டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை,
கறை பச்சையானது.
வயல் பச்சை இல்லை, பச்சைக்குள்ளே கொஞ்சம் செம்பு.
செதில்மேல் செதிலாக,
ஓணான் முதுகைவிடப் பொடிசாக,
விரிந்துகொண்டே போனது.
"செத்த மாதிரி நடிக்குது சனியன்"
என்று சொல்லிவிட்டு
அருவாளை அழுத்திச் சீவினாள்.

மூன்றாம் நாள் அவள் மணிக்கட்டு இரண்டிலும்
தடித்துச் சிவந்து கொப்புளம்.
பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவில்
பெயின்ட் அலர்ஜி என்று சீட்டு.
"பெயின்ட் தொடுறது இவரு,
எனக்கு எதுக்கு வருது?"
டாக்டர் மெகருன்னிசா பேனாவை மூடினார்.
என் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.
முழங்கை வரைக்கும் சிவப்பு எனாமல்,
அதற்கடியில் தோல் சும்மா இருந்தது.

ஒச்சம்மாள் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுத்தாள்.
சீவிய பட்டைத் துணுக்கு.
படர்தாமரையைச் சுரண்டிப் பார்க்கிற அதே கண்ணாடித் தகட்டில்
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்து
டாக்டர் குனிந்தார்.
வெளியே வரிசை மாடிப்படி வரைக்கும்.
அவர் நிமிரவில்லை.
"ஒவ்வொரு இலைக்கு அடியிலயும்
ஒரு குடத்தைக் கவுத்து வச்சிருக்கு.
கவுத்த குடத்துல தண்ணி நிக்குது."
அப்புறம் மெதுவாக,
"குடத்துக்குள்ள யாரோ இருக்காங்க."

நர்ஸ் பார்த்தார். ஒச்சம்மாள் பார்த்தாள்.
எனக்கு முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது.
பிறகு குடங்கள்.
ஒன்றில், வாயோரம் சக்கரம் சுழற்றிக்கொண்டு
கண்ணாடியில் செய்தது போல் ஒரு ஜீவன்.
தீப்பெட்டிக்குள் மூன்று நாள் இருந்தது பற்றி
அதற்கு எந்தப் புகாரும் இல்லை.

"இதும் பேரு என்னம்மா?"
"ஈரல்பாசில ஒரு இனம். முழுப் பேரு காலேஜ்ல கேக்கணும்."
"ஈரலா? கிலோ என்ன வெல?"
டாக்டர் சிரித்தார்.
சீட்டில் பெயின்ட் என்பதை அடித்தார்.
அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.
கீழே ஒரு களிம்பு.

ஆடியில் ஏலம் முடிந்தது.
அறுத்த மரம் திருமங்கலம் பக்கம் சூளைக்குப் போனது.
பாரம் இறக்கிய பேயாண்டி ராத்திரி போன் பண்ணினான்.
"அண்ணே, கையெல்லாம் அரிக்குது.
மரத்துல என்ன மருந்து அடிச்சீங்க?"
"எண்தான் அடிச்சோம்" என்றேன்.

ஐப்பசி. மேலூர் ரோட்டில் புது வேலை,
எண் மறுபடி ஒன்றிலிருந்து.
ஒச்சம்மாள் கையில் மகனின் பள்ளிக்கூட சாக்ஸ்.
தூறலில் டேப்பை இழுத்தேன்.
இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால்
நகக்கண் அளவு கறை ஒட்டியிருந்தது.
பார்க்கப் பார்க்கச் செம்புப் பச்சை.
"சீவிரவா?" என்றாள்.
நான் பதில் சொல்லாமல்
டேப்பை அப்படியே மரத்தைச் சுற்றிப் பிடித்தேன்.

முதல் மரம்: புளி, 231 சென்டிமீட்டர்.
உள்ளதைவிட
ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும்.